கழித்த சொற்கள்

ஒரு சொல்லுக்குப் பன்னிரண்டு ரூபாய். அறக்கட்டளை இருபது வரை போகலாம் என்றிருந்தது. நான்தான் பன்னிரண்டில் முடித்தேன். கடலூர் முதுநகரில் இறால் ஏலம் எடுக்கிற வீட்டில் பிறந்தவன் நான். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தால் எங்கள் வீட்டில் சோறு போடமாட்டார்கள். அப்பா பொன்னுரங்கம் உண்டியலில் காசு போடும்போதுகூட ஏதோ முணுமுணுப்பார். வேண்டுதல் என்று ஊர் நினைக்கும். பேரம் என்று எனக்குத் தெரியும்.

அறக்கட்டளை சிதம்பரத்தில் ஒரு மாடியில் இருந்தது. அழியப்போகிற மொழிகளைச் சேகரித்து செல்போன் ஆப்பாக ஆக்கித் தருவதாக வெளிநாட்டில் யாரிடமோ நிதி வாங்கியிருந்தார்கள். இருளர் மொழிக்கு ஆயிரத்து இருநூறு சொல், ஆறு மாதம். மொழியியல் படித்தவர்கள் நாலைந்து பேர் வேலை கேட்டு வந்திருந்தார்கள். நான் பி.காம். ஆனால் பிச்சாவரத்தைச் சுற்றியிருக்கிற இருளர் குடியிருப்புகளில் பத்து வருஷம் இறால் வாங்கியவன். எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பதுவரை தெரியும். எடுத்துக்கொண்டார்கள்.

திட்டத் தலைவி ஜோதிலட்சுமி மேடம் ரெக்கார்டரைக் கையில் கொடுத்து, "அவுங்க பேசறத அப்படியே பதிவு பண்ணுங்க இளவரசு. நீங்களா எதையும் பொறுக்காதீங்க" என்றார். தலையாட்டினேன். பொறுக்காமல் சரக்கு எடுப்பது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

பக்கிரிக்கு ஐம்பது வயதிருக்கும். உப்பங்கழியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். பிடித்ததைப் போடுகிற ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார். நாள் முழுக்க வாயை மூடிக்கொண்டு பிழைக்கிறவரிடம் போய்ப் பேச்சை விலைக்குக் கேட்டேன். அந்தக் குடியிருப்பில் மற்றவர்கள் தமிழுக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. அவர் மட்டும் தன் நாயோடு அந்தப் பேச்சில் பேசுவார். நாய்க்கு நன்றாகப் புரிந்தது.

"எங்க பேச்ச வாங்கி என்னா பண்ணுவீங்க சின்ன மொதலாளி? ஐஸ் போட்டு கேரளாவுக்கு ஏத்துவீங்களா?"

"போன்ல வைப்போம்யா. கெட்டே போவாது."

"எங்கூட்டாண்ட டவரே எடுக்காதே."

"டவர் வரும். வெலய சொல்லு."

"எறாலுக்கே நீங்கதான வெல சொல்லுவீங்க. இத மட்டும் என்னக் கேட்டா?"

பன்னிரண்டு என்றேன். சிரித்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் நாள் அறுபது சொல். குடிசை வாசலில் உட்கார்ந்து, மூக்கு, முட்டி, மழை, மருமகன் என்று நான் கேட்கக் கேட்கச் சொன்னார். திருப்பிப் போட்டுக் கேட்டேன். பாதிக்கு மேல் நம் தமிழ் மாதிரியே இருந்தது. உயிரெழுத்தை மட்டும் வாயின் நடுவுக்கு இழுத்து அமுக்கியதுபோல ஒரு வித்தியாசம். எனக்குச் சுருக்கென்றது. கடையில் கிடைக்கிற சரக்கையே கடையில் விற்கப் பார்க்கிறானா?

ஏலத்தில் ஒரு பழக்கம். கூடையைக் கவிழ்த்ததும் வாங்குகிறவன் கையால் விலக்குவான்: பொடி, ஓடு இளகியது, தலை கறுத்தது. விலக்கியது கழிவு, காசு கிடையாது. விற்கிறவன் அந்தக் கையோடு வாதாடமாட்டான். வாதாடினால் மறுநாள் அந்தக் கை அவன் கூடைப் பக்கமே வராது. பேனாவை எடுத்து முப்பத்து நாலு சொல்லை அடித்தேன்.

"இதெல்லாம் கழிவு. தமிழு. இதுக்குக் காசு குடுத்தா ஆடிட்ல என்னியப் புடிப்பாங்க."

"இது தமிழ் இல்லிங்களே. எங்கம்மா இப்பிடித்தான் பேசும்."

"உங்கம்மா பேசுனாலும் தமிழு தமிழுதான்யா. வேற மாதிரி இருக்கறதாக் கொண்டா."

என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாதாடவில்லை. இருபத்தாறு சொல்லுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாயை எண்ணி வாங்கி மகள் சுவேதாவின் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்தார். பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பெண். நர்சிங் சேரவேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கான பணம் அந்த டப்பாவில் சேர்ந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரத்திலிருந்து சரக்கு அருமையாக வந்தது. ஒன்றுகூடத் தமிழ் மாதிரி இல்லை. கேட்டால் சற்று யோசிப்பார், பிறகு இதுவரை காது கேட்டிராத ஒரு சொல்லை எடுத்து வைப்பார். நண்டின் கொடுக்குக்கு 'குர்ராளி' என்றார். சுவேதா புத்தகத்துக்குப் பின்னால் களுக்கென்று சிரித்தாள். அவர் முறைத்தார். அப்பனும் மகளும் என்று விட்டுவிட்டேன். நடுவில் மெமரி கார்டு நிறைந்துபோனது. புதுக் கார்டு அறுநூறு ரூபாய். கழித்த சொற்களின் ஒலியை அழித்து இடம் பண்ணினேன்.

ஐந்தே மாதத்தில் ஆயிரத்து இருநூறு முடிந்தது. ஆப் வெளியானது. பட்ஜெட்டில் ஒன்பதாயிரத்து அறுநூறு மிச்சம் பிடித்ததற்கு எனக்கு மேடையில் சால்வை போட்டார்கள். கீழே உட்கார்ந்திருந்த பக்கிரி மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துக் கைதட்டினார்.

சுவேதா நல்ல மார்க் எடுத்தாள். கவுன்சலிங்குக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். இருபத்தேழாம் தேதிக்குள் கொடுக்கவேண்டும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது யாரோ சாதியை மாற்றி எழுதியிருந்ததால் விசாரணை வைத்தார்கள். இருளர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று அதிகாரி கேட்டார். பக்கிரி பெருமையாகச் சொன்னார்: "எங்க பேச்சே போன்ல ஏறியிருக்கு சார். என் கொரல்தான். தட்டிப் பாருங்க."

அதிகாரி தட்டிப் பார்த்தார். நியாயமான மனிதர், தனக்குத் தெரியாது என்று மானிடவியல் பேராசிரியர் கதிர்வேலுக்கு அனுப்பினார். அவர் ஒரு வாரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு அறிக்கை எழுதினார். ஆயிரத்து இருநூறில் இருநூற்று அறுபத்து நாலுதான் இருளர் மொழி. மீதி தொள்ளாயிரத்து முப்பத்தாறு எந்த மொழியிலும் இல்லை, புனையப்பட்டவை. உரிமை கோருபவரின் வாக்குமூலம் ஐயத்துக்குரியது.

அன்றைக்குத் தேதி பதினாறு. அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு பிச்சாவரத்துக்கு ஓடினேன். பக்கிரி கழியிலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்தார். உடம்பெல்லாம் சேறு.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்க? சொந்தமா உண்டாக்கிச் சொன்னியா?"

"ஆமாங்க" என்றார், மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்கிறவர்போல.

"ஏன்?"

"எங்க பேச்சு முக்காவாசி அப்பிடித்தாங்க இருக்கும், தமிழுக்குப் பக்கத்துல. அதத்தான நீங்க கழிச்சீங்க. வேற மாதிரி கொண்டான்னீங்க. தண்ணில பறிய கடிச்சிகினு யோசிப்பேன். ஒரு நாளைக்குப் பத்து வரும். அதுவும் கஷ்டந்தாங்க. எறால் தேவல."

சுவேதா உள்ளிருந்து வந்தாள். "அதுல நாப்பது என்னுது சார். குர்ராளி நாந்தான் சொன்னேன்." அவள் குரலில் அழுகை இல்லை. தான் எழுதிய பரீட்சையில் தானே தவறு கண்டுபிடித்த பிள்ளையின் குரல். "இப்போ என்னா பண்றது?"

என்ன பண்ணவேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு கடிதம் எழுதவேண்டும். நிஜச் சொற்களைக் கழித்தது நான், பொய்ச் சொல்லுக்குக் காசு கொடுத்தது நான், இவரை மறுபடி நேரில் கேளுங்கள் என்று. ஒரு பக்கம் போதும். ஆனால் அடுத்த திட்டத்துக்கு என்னோடு இரண்டு வருஷ ஒப்பந்தம் தயாராகியிருந்தது. இருபத்து மூன்றாம் தேதி கையெழுத்து. கடிதம் முந்தினால் ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் முந்தினால் இரண்டும் நடக்கும். எந்தச் சரக்கை முதலில் ஏற்றுவது என்பதுதான் வியாபாரம் என்று வளர்ந்தவன். "ரெண்டு நாள்ல பண்ணிடறேன்" என்றேன்.

இருபத்து மூன்றாம் தேதி கையெழுத்தானது. மறுநாள், இருபத்து நாலாம் தேதி, கடிதத்தைக் கொடுத்தேன். பேராசிரியர் கதிர்வேல் படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"போன வாரம் குடுத்திருந்தா மறுநாளே போயிருப்பேன் தம்பி. இப்ப நான் வெளியூர் கிளம்பிட்டேன். வர்றதுக்கு ரெண்டு வாரம் ஆவும்."

"இருபத்தேழு கடைசி நாளுங்க."

"தேதி உங்களுக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதா?"

இருபத்தேழு போயிற்று. விஷயம் தெரியவந்ததும் மேடம் ஆப்பை எடுத்துவிட்டார், ஒப்பந்தத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டார். கத்தவில்லை. "பொறுக்காதீங்கன்னுதான சொன்னேன்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த வருஷத்துக்காவது ஆகட்டும் என்று, சொன்னபடி இரண்டு வாரம் கழித்துப் பேராசிரியர் குடியிருப்புக்கு வந்தார். நானும் போனேன், போயிருக்கக்கூடாது. அவர் தரையில் சம்மணம்போட்டு உட்கார்ந்து, "அய்யா, கணக்கு கிணக்கு ஒண்ணும் இல்ல. வாய்க்கு வந்தத பேசுங்க. உங்கம்மா உங்கள எப்படிக் கூப்டும், சொல்லுங்க" என்றார்.

பக்கிரி வாயைத் திறந்தார். பிறகு என் கையைப் பார்த்தார். கையில் பேனாகூட இல்லை. அதைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவர் உதடு அசைந்தது, நின்றது. ஒன்றை எடுப்பதும் உள்ளேயே விலக்கிவிடுவதும் முகத்தில் தெரிந்தது. ஏலக்கூடத்தில் எத்தனையோ கைகள் செய்து நான் பார்த்த வேலை. அதை அவர் வாய்க்குள்ளேயே செய்துகொண்டிருந்தார்.

"பேசுங்கண்ணே" என்றேன். பத்து வருஷத்தில் முதல் முறையாக அண்ணே.

"எது தமிழு, எது எங்களுதுன்னு இப்ப எனக்கே தெரியலீங்க" என்றார்.

நாய் வந்து அவர் காலடியில் படுத்தது. அதோடு ஏதாவது பேசுவார் என்று பேராசிரியர் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். பக்கிரி அதன் தலையைத் தடவிக்கொண்டேயிருந்தார். பேசவில்லை.

சுவேதா இப்போது சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறாள். காலையில் அவள் பஸ் எங்கள் ஏலக்கூடத்தைத் தாண்டித்தான் போகிறது. நான் மறுபடி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். கூடையைக் கவிழ்த்தால் விலக்குகிற வேலையை மட்டும் வேறு ஆளிடம் விட்டுவிட்டேன். அப்பாவுக்கு அதில் கோபம்.

திட்டத்தின் பழைய நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்தை நேற்றுத்தான் முடித்தேன்.

வாங்கியது 1,200. நிஜம் 264. புனைந்தது 936. கொடுத்தது பதினாலாயிரத்து நானூறு. மிச்சம் பிடித்தது ஒன்பதாயிரத்து அறுநூறு. முதல் நாள் கழித்தது 34. அதில் ஒன்றின் ஒலியும் இல்லை. அதற்குப் பிறகு அவர் வாயிலேயே கழித்தது எத்தனை என்று தெரியாததால், பாக்கி என்று எழுதி, எதிரே எண் போடாமல் விட்டிருக்கிறேன்.