மைனஸ் இருபதில் காய்ச்சல்

என் கணவர் வேலை செய்தது மைனஸ் இருபது டிகிரி அறையில். இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாக உறைந்து கிடக்கும் குளிர்பதனக் கிடங்கு அது. வெளிக்கூடத்தில் உட்கார்ந்து பெட்டிகளின் லேபிளைச் சரிபார்ப்பது என் வேலை. நாற்பது நிமிடம் உள்ளே, பதினைந்து நிமிடம் வெளியே என்பது விதி. ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும் அவர் புருவத்தில் பனி படிந்திருக்கும்.

அப்படிப்பட்டவர் ஒரே வருடத்தில் கறுத்துக்கொண்டே போனார். முழங்கை, விரல் மடிப்பு, ஈறுகூட. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் அவருக்கு 'வெயில்' என்று பேர் வைத்தார்.

"அண்ணி, ஃப்ரீசருக்குள்ள அண்ணன் தனியா ஒரு சூரியன் வச்சிருக்காரா? எங்களுக்கும் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க."

நானும் சிரித்தேன். உப்பை உள்ளங்கையில் கொட்டி அவர் நக்குவதைப் பார்த்தபோதும், "என்னங்க இது, ஆடு மாதிரி" என்றுதான் கேட்டேன். குளியலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஹார்மோன் டாக்டர் என் வயதுப் பெண். நிதானமாகச் சொன்னார்.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கும்மா. கிருமிய அழிக்க வேண்டிய எதிர்ப்பணுக்கள், அதையே வெளியாள்னு நினைச்சு அரிச்சிடுச்சு. ஏன்னு கேட்டா எனக்கும் சொல்லத் தெரியாது. அந்தச் சுரப்பி போனதாலதான் இவர் கறுத்ததும், உப்பு தேடினதும்."

"அது இல்லேன்னா என்ன ஆகும்?"

"நமக்குக் காய்ச்சல் வந்தா அந்தச் சுரப்பி கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன வழக்கத்தவிட அதிகமா ஊத்தும். ரத்த அழுத்தம் விழாம தாங்கிப் பிடிக்கிறது அதுதான். எதிர்ப்பணுக்கள் எல்லை மீறினா, போதும் நிறுத்துன்னு அதட்டுறதும் அதுதான். இவருக்கு உள்ள அப்படி அதட்ட ஆள் இல்ல. மாத்திரைதான் அந்த ஆள். காய்ச்சல் வந்தா மாத்திரைய ரெண்டு மடங்காக்கணும். வாந்தி எடுத்தா மாத்திரை வயித்துல நிக்காது, தொடையில ஊசி போட்டுடணும். தேவையில்லாம போட்டாலும் பரவாயில்ல. போடாம மட்டும் இருந்துடாதீங்க."

ஊசி போட்டுப் பழக ஓர் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தார்கள். குத்தினேன். "பழம் அழவே இல்ல, கைராசிக்காரிதான்" என்றார் என் கணவர். நர்ஸும் சிரித்துவிட்டார். நான் மட்டும் சிரிக்காமல் இன்னொரு தடவை குத்திப் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவர் இருமினால் நான் தெர்மாமீட்டரை எடுத்துவிடுவேன். பஸ்ஸில் பக்கத்தில் யாராவது தும்மினால் என் கணவரை எழுப்பி வேறு இருக்கைக்கு இழுத்துப் போவேன். மணிக்கொருமுறை நெற்றியைத் தொடுவேன். "என் நெத்தி என்ன இஸ்திரிப் பெட்டியா, தொட்டுத் தொட்டுப் பாக்குற?" என்பார். ஊசிப் பெட்டி வீட்டில் ஒன்று, கிடங்கில் அவர் லாக்கரில் ஒன்று. பூட்டு வேண்டாம் என்று அடம்பிடித்து நானே கழற்றினேன். இரண்டு வருடம் இப்படியே போயிற்று.

ஒரு புதன்கிழமை. காலையில் அவர் சாப்பிடவில்லை. "வயிறு ஒரு மாதிரி இருக்கு. வாந்தி வந்துச்சு, இப்ப பரவாயில்ல" என்றார். மாத்திரை போட்டாரா என்று கேட்டேன், போட்டேன் என்றார். வாந்தி அதற்கு முன்னாலா பின்னாலா என்று நான் கேட்கவில்லை. ஷிஃப்டுக்கு நேரமாகியிருந்தது.

பதினோரு மணி தாண்டிப் பத்து நிமிடத்தில் ஃபோர்க்லிஃப்ட்காரர் அவரைத் தோளில் தாங்கி வெளியே கொண்டுவந்தார். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது. பேச்சு குழறியது. கண் செருகிச் செருகித் திறந்தது.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரு பாடம் உண்டு. நடுக்கம், குழறல், தூக்கக் கலக்கம் மூன்றும் சேர்ந்தால் உடம்பில் குளிர் ஏறிவிட்டது என்று அர்த்தம். கம்பளி சுற்று, ஹீட்டர் பக்கத்தில் வை, சூடாக இனிப்பாகக் குடிக்கக் கொடு. வருடத்துக்கு நான்கைந்து பேரை இப்படித் தேற்றியிருக்கிறோம். யோசிக்காமலே கை செய்யும்.

சூப்பர்வைசர் கம்பளியைச் சுற்றினார். நான் ஓடிப்போய்ச் சர்க்கரை அள்ளிப் போட்டு டீ கலந்தேன். கையுறையோடு சேர்த்து என் கணவரின் கையைத் தேய்த்தேன். "ஒண்ணுமில்லங்க, இப்ப சூடு வந்துடும்" என்றேன்.

"வெயிலுக்கே குளிருதா அண்ணே?" என்றார் ஃபோர்க்லிஃப்ட்காரர்.

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை.

நடுக்கம் குறையவில்லை. இன்னொரு கம்பளி போட்டோம். கூடத்துக் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கம்பளி நழுவியதைச் சரிசெய்யக் கழுத்தடியில் கை வைத்தேன். கொதித்தது.

குளிர் ஏறியவன் கழுத்து கொதிக்காது. இரண்டு வருடமாக எந்த நேரமும் நான் தேடிக்கொண்டிருந்த காய்ச்சல் என் கண்ணெதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தது. நான் அதற்குக் கம்பளி போர்த்தியிருக்கிறேன்.

லாக்கர் இருபது அடி தூரம். குப்பியில் மருந்துப் பொடியையும் தண்ணீரையும் கலந்து ஊசியில் ஏற்றினேன். கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் குத்தினேன். அவர் முகம் சுளிக்கவில்லை. மணிக்கட்டில் நாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை. கழுத்தில்தான் இழை போல ஓடியது.

ஆம்புலன்ஸில் அவர் ஒருமுறை கண் திறந்து, "கதவ மூடுங்க, குளிர் வெளிய போவுது" என்றார். உள்ளே வேலை செய்பவர்கள் நாள் முழுக்கச் சொல்லும் வார்த்தை. என்னிடம் சொன்னாரா, வேறு யாரிடமாவதா, தெரியாது.

அவசரப் பிரிவில் டாக்டர் இளைஞர். சலைன் ஏற்றிவிட்டு, குறிப்பெழுதும் அட்டையோடு வெளியே வந்தார்.

"ஊசி எப்ப போட்டீங்க?"

"பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது."

"நடுக்கம் ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு?"

மனசுக்குள் நிமிடங்களைக் கூட்டினேன். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர். எனக்காகத்தான் சொன்னார்.

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும் டாக்டர். இந்தம்மா உடனே போட்டுட்டாங்க."

டாக்டர் தலையாட்டி எழுதினார். அந்தப் பத்து நிமிடத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். பத்து நிமிடம்தான் என்றால் நான் செய்தது எதுவும் தப்பில்லை என்று ஆகிவிடும்.

"இல்லீங்க" என்றேன். "நாப்பது நிமிஷம். குளிருன்னு நினைச்சு உக்கார வச்சிருந்தோம். காலையில வாந்தி வேற."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுதியதை அடிக்கக்கூட நிற்கவில்லை. அட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

மிச்சம் முப்பது நிமிடம் எவ்வளவு பெரியது என்று, அவர் ஓடியதைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.