ஒரே எண் எழுதிய இரண்டு மூக்குகள்

அண்ணியும் நாத்தனாரும் ஒருவரோடு ஒருவர் பேசி நாற்பத்து மூன்று நாளும் பத்தொன்பது மணி நேரமும் ஆகியிருந்தன. கணக்கு வைத்திருந்தவர் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். ஒருத்திக்குக் கணவர், இன்னொருத்திக்கு அண்ணன். சமையலறை நாள்காட்டியில் தினமும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். அன்று செவ்வாய்க்கிழமை. புள்ளியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறி வேலைக்குப் போவதைப் பார்த்தார்.

பேசாமல் இருப்பது சுலபம். இரண்டு பேருந்து மாறிப் போவதுதான் கஷ்டம். அதனால் ஸ்கூட்டர் மட்டும் சண்டையில் சேரவில்லை. அண்ணி ஓட்டுவாள். நாத்தனார் பின்னால் உட்காருவாள். நடுவில் சாப்பாட்டுப் பை. பின்னால் லாரி வந்தால் நாத்தனார் ஒரு தடவை இருமுவாள். இடப்பக்கம் பள்ளம் என்றால் இரண்டு தடவை. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒருவர், "நல்ல டாக்டரா பாரும்மா" என்று ஒரு நாள் சொல்லிவிட்டுப் போனார்.

இருவருக்கும் நகரத்தின் குடிநீர் ஆய்வகத்தில் வேலை. அங்கே உப்புக்கும் கிருமிக்கும் இயந்திரங்கள் உண்டு. வாசனைக்கு மட்டும் மனித மூக்கு. சில வாசனைகளை இயந்திரத்துக்கு முன்னால் மூக்கு பிடித்துவிடும். காலையிலும் மதியமும், கண்ணாடிக் குடுவையில் வெதுவெதுப்பாக்கிய தண்ணீரை இருவரும் தனித்தனியாக முகர்ந்து பார்த்து, ஒரு துண்டுத் தாளில் எண் எழுதித் தகர டப்பாவில் போட வேண்டும். வாசனையே இல்லை என்றால் பூஜ்யம். குடிக்கவே முடியாது என்றால் ஐந்து. எழுதும் வரை பேசக் கூடாது என்பது விதி.

எழுதிய பிறகு இன்னொரு விதி. இரண்டு எண்களுக்கும் நடுவே இரண்டோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால், இருவரும் பக்கத்துச் சிறிய அறையில் எதிரெதிரே உட்கார்ந்து, மறுபடியும் முகர்ந்து, என்ன தெரிகிறது என்று பேசித் தீர்க்க வேண்டும். ஊழியர்கள் அதற்குப் பேச்சறை என்று பெயர் வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் மாதத்தில் நாலைந்து தடவை பேச்சறையிலிருந்து சத்தம் கேட்கும். "இது பாசி வாசனை." "இல்ல அண்ணி, இது குழாய் வாசனை." கடைசியில் ஒரு முடிவோடு வெளியே வருவார்கள்.

அண்ணியின் மூக்கு ஆய்வகத்தில் பிரசித்தம். மழை வருவதை ஒரு மணி நேரம் முன்பே சொல்லிவிடுவாள். யார் பையில் என்ன சாப்பாடு என்பதை வாசலிலேயே சொல்லிவிடுவாள். பதினேழு வருடமாக அவளை எல்லாரும் 'மூக்கு அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

சண்டை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில். நகரப் பேருந்துகளைத் தனியாரிடம் கொடுக்கலாமா என்று பேச்சு. அண்ணி ஆளும் கட்சி. நாத்தனார் எதிர்க்கட்சி. பத்து நிமிடத்தில் பேருந்து காணாமல் போய், வார்த்தைகள் மட்டும் மிஞ்சின.

"ஊர்த் தண்ணியெல்லாம் மோந்து பாத்துச் சொல்றீங்க. உங்க கட்சி நாறுறது மட்டும் உங்க மூக்குக்குத் தெரியலையா அண்ணி? மூக்கு செத்துப்போச்சா?"

"உங்க கூட்டத்துக்கு என்ன குடுத்தாலும் குறைதான். சொர்க்கத்துல கொண்டுபோய் விட்டாலும் வாசப்படி உயரம்னு சொல்லுவீங்க."

"சாப்பாடு ஆறுது," என்றார் நடுவில் இருந்தவர். அவர் எதிராளியின் பக்கம் பேசுகிறார் என்று இருவருமே நினைத்தார்கள்.

அதன் பிறகு வீட்டில் பேச்சு இல்லை. கைபேசியில் நிறைய இருந்தது. அண்ணியின் குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஒருவர் சொன்னதை இருநூற்றுப் பதினொரு பேர் ஆமோதித்தார்கள். ஒரு நாள் யாரோ, "டிக்கெட் விலை ஏறுமா?" என்று கேட்டார். மூன்று நிமிடத்தில் அவரை நீக்கிவிட்டார்கள். அண்ணிக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனாலும் அடுத்து வந்த செய்திக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். மாடி அறையில் நாத்தனாரின் குழுவில் நூற்றுத் தொண்ணூறு பேர். அங்கே ஒருவர், "பழைய பஸ்ஸும் ஒண்ணும் ஒழுங்கா ஓடலையே" என்று எழுதினார். அவர் விலைபோய்விட்டார் என்று முடிவு செய்யப்பட்டது.

இருபத்திரண்டாம் நாள் அண்ணிக்குச் சளி பிடித்தது. ஒரு வாரத்தில் சளி போய்விட்டது. முதல் நாளே போன வாசனை மட்டும் திரும்பி வரவில்லை. அடுப்பில் பால் தீய்ந்து, புகை கண்ணை எரித்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. "தீயற வாசனை வருதே," என்று கணவர் கேட்டபோது, "எனக்கும் வருது, வருது," என்றாள்.

மருத்துவரிடம் தனியாகப் போனாள். "பெரும்பாலும் தானா வந்துடும்மா. சில மாசம் ஆகலாம்," என்றார் அவர். மருந்துச் சீட்டைச் சாப்பாட்டுப் பையின் அடியில் மடித்து வைத்தாள். சொன்னால் முகர்வு மேசையிலிருந்து எடுத்துப் பதிவேடுகள் இருக்கும் அறைக்கு அனுப்புவார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மூக்கு செத்துப்போச்சா என்று கேட்டவளிடமே போய், ஆமாம், செத்துப்போச்சு என்று எப்படிச் சொல்வது?

இந்தப் பருவத்தில் தண்ணீர் வழக்கமாக ஒன்று. அதனால் குடுவையை முகர்வது போல முகர்ந்து, தினமும் ஒன்று என்றே எழுதினாள்.

ஒன்பது நாளுக்கு முன் முதல் மழை பெய்தது. அடுத்த நாள் குடுவையைத் திறந்ததுமே நாத்தனாருக்கு மண் வாசனை அடித்தது. மூன்று என்று எழுதப் பேனாவை வைத்தாள். அண்ணி ஒன்று என்று எழுதினால் பேச்சறைக்குப் போக வேண்டும். போனால் வாசப்படிக் கதை வரும். இரண்டு என்று எழுதினாள். டப்பாவைத் திறந்தால் அண்ணியின் தாளில் ஒன்று. வித்தியாசம் ஒன்றுதான், பேச வேண்டியதில்லை. மறுநாளும் அண்ணி ஒன்று. அந்த மூக்கே ஒன்று என்றால் தன் மூக்கில்தான் கோளாறு என்று நினைத்து, நாத்தனாரும் ஒன்று என்று எழுதத் தொடங்கினாள். அண்ணி அதைப் பார்த்து, தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது, தன் ஒன்று சரியாகத்தான் இருந்திருக்கிறது என்று நிம்மதியானாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, ஆய்வகத் தலைவி இருவருக்காகவும் முகர்வு மேசையருகே நின்றுகொண்டிருந்தார். கையில் பதிவேடு, ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பட்டியல்.

"அறுபத்து மூணு புகார். குழாயைத் திறந்தா ஈர மண்ணு நாறுதாம். ஒரு பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க தண்ணி குடிக்க மாட்டேங்குதுங்க. காலையில இயந்திரத்துல ஓட்டிப் பாத்தாச்சு. உடம்புக்கு ஒண்ணும் ஆகாது. கரித்தூள் போடச் சொல்லிட்டேன், சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."

இருவரும் பெருமூச்சு விட்டார்கள். தலைவி இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா மழை பெஞ்ச மறுநாளே நீங்க சொல்லியிருக்கணும். அதுக்குத்தானே ரெண்டு மூக்கு வெச்சிருக்கோம்?" பதிவேட்டைத் திறந்து காட்டினார். "நாப்பத்து மூணு நாளா ஒரு தடவைகூட ரெண்டு வித்தியாசம் வரல. முதல்ல சந்தோஷப்பட்டேன். இப்பத்தான் உறைக்குது. ரெண்டு மூக்கு இத்தனை நாளா ஒத்துப்போனா, அங்க ரெண்டு மூக்கு இல்ல."

இருவரின் கைபேசிகளையும் வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டார்.

"பேச்சறைக்குப் போங்க. வெளிய வரும்போது ஒரு தாள் வேணும். என்ன நடந்துச்சுன்னு ரெண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போடணும். அது சரியா இருந்தா இந்த மேசையில யார் உட்காரறதுன்னு அப்புறம் பேசலாம். மழுப்பலா இருந்தா ரெண்டு பேருக்கும் இங்க இடமில்ல."

பேச்சறையில் ஒரு மேசை, இரண்டு நாற்காலிகள். மேசையில் தூசி. அண்ணி கைக்குட்டையால் துடைத்தாள். நாத்தனார் குடுவையில் தண்ணீரை ஊற்றி வெதுவெதுப்பாக்கி, முகர்ந்துவிட்டு அண்ணி பக்கம் தள்ளினாள். அண்ணியும் முகர்ந்தாள். பழக்கதோஷத்தில் மூக்கைச் சுருக்கினாள்.

"மூணு," என்றாள் நாத்தனார். நாற்பத்து மூன்று நாளில் அதுதான் முதல் வார்த்தை.

அண்ணி நிமிர்ந்தாள்.

"ஒன்பது நாளாவே மூணு. ஈரச் சாக்கை மூஞ்சியில போத்தின மாதிரி இருக்கு."

"அப்போ ஏன் ரெண்டுன்னும் ஒண்ணுன்னும் எழுதின?"

"மூணுன்னு எழுதினா இங்க வந்து உங்க மூஞ்சியப் பாக்கணும். எனக்கு எதுலயும் குறைதான் தெரியும்னு சொல்லுவீங்க." நாத்தனார் குடுவையின் மூடியை உருட்டிக்கொண்டே பேசினாள். "நீங்க சொல்லுங்க. அந்த மூக்குக்கு இது தெரியாம இருக்காது. குடிநீர் வாரியத்துக்குக் கெட்ட பேர் வந்தா உங்க கட்சிக்குக் கெட்ட பேர். அதுக்குத்தானே ஒண்ணுன்னு எழுதினீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். கட்சிக்காகச் செய்தாள் என்று திட்டுவார்கள். ஆனால் மூக்கு பிழைத்துவிடும். அண்ணி அதை ஒரு நிமிடம் யோசிக்கத்தான் செய்தாள்.

"எங்க குழுவுல நேத்தே சொல்லிட்டாங்க, தண்ணி விஷயத்தை மறைக்கிறாங்கன்னு," என்றாள் நாத்தனார். "மறைக்கற ஆளு நம்ம வீட்டுலயே இருக்காங்கன்னு நினைச்சேன். சாப்பாடே இறங்கல."

"எங்க குழுவுல, நாத்தமே கிடையாது, உங்க ஆளுங்க கிளப்பிவிட்ட புரளின்னு சொன்னாங்க."

"நீங்க நம்பினீங்களா?"

"இருநூத்திப் பன்னெண்டு பேர் சொன்னா நம்பாம?"

"அதுல எத்தனை பேர் தண்ணிய மோந்து பாத்தாங்க?"

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்க நூத்தித் தொண்ணூறுல?"

"நான் ஒருத்திதான்." நாத்தனாருக்கும் உதடு துடித்தது. "எங்க எண்ணிக்கை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்க அண்ணன் சொன்னாரு. நடுவுல உட்கார்ந்து வேற என்ன பண்ணுவாரு, பாவம்."

இருவரும் சத்தமாகவே சிரித்தார்கள். வெளியே தலைவி எழுதுவதை நிறுத்தி, மறுபடி எழுதினார்.

சிரிப்பு அடங்கியதும் அண்ணி மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "நானூறு பேர் தண்ணியப் பத்திப் பேசினாங்க. மோந்து பாத்தது நீயும் நானும்தான். நாம ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் ஒரு வார்த்தை கேக்கல. நம்மள மாதிரியே பேசறவங்ககிட்ட மட்டும் பேசிக்கிட்டு இருந்தா, நம்ம தப்பு நமக்குத் தெரியவே தெரியாது குட்டி. இல்லன்னு சொல்றதுக்கு வீட்டுக்குள்ளயே ஒரு ஆள் இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்! நாம அந்த வாயை மூட வெச்சுட்டோம். சண்டை போட்டிருந்தாக்கூட ஊரு நல்ல தண்ணி குடிச்சிருக்கும்."

பழையபடி குட்டி என்று கூப்பிட்டதை நாத்தனார் கவனித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, குரலைக் கறாராக வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கு மூக்கைப் பத்தி அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. தப்புதான். ஆனா பஸ் விஷயத்துல நான் சொன்னதுதான் சரி."

"அது சரியில்ல. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"சாப்பாடு ஆறினாலும் பரவாயில்ல."

"ஆறட்டும்."

நாத்தனார் தாளை இழுத்து, பேனாவின் மூடியைத் திறந்தாள். 'தண்ணீரில் மூன்று அளவு மண் வாசனை தெரிந்தும், என் சகாவோடு பேச வேண்டியிருக்குமே என்று குறைத்து எழுதினேன்' என்று முதல் வரியை எழுதி, வாசித்தும் காட்டினாள்.

"ரெண்டாவது வரி உங்களுது. இப்பக் கோபத்துல கேக்கல அண்ணி. நீங்க ஏன் ஒண்ணுன்னு எழுதினீங்க?"

அண்ணி குடுவையை எடுத்தாள். ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்தாள். வெறும் வெதுவெதுப்பு. மூடியைப் பொருத்தி ஓரமாக வைத்தாள். இத்தனை நாள் பையின் அடியில் கிடந்த சீட்டை எடுத்துப் பிரித்து, தாளின் பக்கத்தில் வைத்தாள். கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

"எழுதிக்கோ குட்டி," என்றாள், கொஞ்சம் சத்தமாகவே. "எனக்கு இருபத்திரண்டு நாளா எந்த வாசனையும் தெரியல."