மூன்று டம்ளர் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆஸ்டின் டவுன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான் லாயிட். ஆஞ்சலாவுக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை. அவனைப் பிடிக்காமல் போக அக்கா ஐரினுக்கு ஒரு காரணமும் இல்லை. ஆனால் கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறவனை அவளால் நம்பவும் முடியவில்லை.

பிரியாணி முடிந்ததும் கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்ற பேச்சு வந்தது. லாயிடின் ஃபிளாட் ஊருக்கு வெளியே சந்தாபுராவில். ஆஞ்சலா டீச்சராக இருக்கும் ஸ்கூலோ இங்கே பக்கத்துத் தெருவில். அங்கே போனால் வேலையை விடவேண்டியதுதான்.

"எதுக்கு வாதம்? பந்தயம் வெச்சிக்கலாம்," என்றான் லாயிட். மூன்று எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்தான். ஓரத்தில் இரண்டும் கவிழ்ந்து, நடுவில் மட்டும் நிமிர்ந்து. "ஒவ்வொரு தடவையும் ரெண்டு டம்ளரைத் திருப்பணும். கடைசில மூணும் நிமிர்ந்து நிக்கணும்."

படபடவென்று மூன்று தடவை திருப்பினான். மூன்றும் நிமிர்ந்தன. "ஆய்த்து, முடிஞ்சுது! இப்ப நீ. ஜெயிச்சா இங்கயே இருக்கலாம். தோத்தா சந்தாபுரா." நடு டம்ளரை மட்டும் கவிழ்த்து அவள் பக்கம் தள்ளினான்.

ஆஞ்சலா மாற்றி மாற்றித் திருப்பினாள். ஒன்று நிமிர்ந்தால் இன்னொன்று கவிழ்ந்தது. சலித்துப்போய்க் கையை எடுத்தாள். "அப்ப சந்தாபுராதான் மாமா," என்று அவன் ஆஞ்சலாவின் அப்பா கிளாரன்ஸிடம் கை நீட்ட, அவரும் சிரித்தபடி குலுக்கினார்.

ஐரினுக்குச் சுருக்கென்றது. சாஃப்ட்வேர் டெஸ்டிங் அவள் வேலை. புரோகிராம் எப்படி ஓடினாலும் மாறக்கூடாத ஒன்றை இன்வேரியன்ட் என்பார்கள். எங்கே தப்பு நடந்தது என்று தேட அவள் முதலில் பிடித்துக்கொள்வது அதைத்தான். இங்கே மாறாதது எது? இரண்டிரண்டாகத் திருப்பும்போது கவிழ்ந்த டம்ளர்கள் இரண்டு கூடும், இரண்டு குறையும், இல்லையென்றால் அப்படியே இருக்கும். ஒற்றைப்படை ஒருநாளும் இரட்டைப்படை ஆகாது. மூன்றும் நிமிர்ந்தால் கவிழ்ந்தது பூஜ்யம், அது இரட்டைப்படை.

"லாயிட், அவளுக்கு வெச்சுக் குடுத்தீங்களே, அதே மாதிரி வெச்சு நீங்க பண்ணுங்க."

"அதான் பண்ணேனேக்கா."

"இல்ல. உங்களுக்கு ரெண்டு கவுந்திருந்துச்சு. அவளுக்கு ஒண்ணு. ஒண்ணுல ஆரம்பிச்சா விடிய விடியத் திருப்புனாலும் வராது."

லாயிட் டம்ளரைத் தொடவில்லை. "சும்னே, சும்மா தமாஷுக்கா. ஆபீஸ்ல ஒருத்தன் சொல்லிக்குடுத்தான்."

"தமாஷ்னா நான் தோத்தப்பவே சொல்லியிருக்கலாமே?" என்றாள் ஆஞ்சலா. "அப்பாகிட்ட கை குடுத்து முடிச்சிட்டியே." அவள் எழுந்தாள். "அப்பா, அடுத்த வாரம் கோயில்ல எங்க கல்யாணத்த அறிவிக்கிற ஓலைய வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லிடுங்க."

லாயிட் புறப்பட்டுப் போனான். சாயந்திரமே ஆஞ்சலாவின் போனுக்கு மெசேஜ் வந்தது: 'சாரி. வேலைய விட வேணாம், ஆஸ்டின் டவுன்லயே இருக்கலாம்.'

"நம்பலாமாக்கா?"

ஐரின் அதை இரண்டு தடவை படித்தாள். இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதுதான் அவளுக்கு இடித்தது.

"தெரியலடி. ஓலைய மட்டும் இப்போதைக்கு வாசிக்க வேணாம்."