ஏணி போட்டுக் கறந்த மாடு

கடலுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் இரண்டையும் சேர்த்துக்கொண்டாலும், ஏணி போட்டு மாடு கறந்த மனிதர் ஒருவர்தான். வாய்ச்சவடால் என்பது அவருடைய பட்டப்பெயர். அந்தப் பெயர் வருவதற்கு முன்பு அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவர். பேச வைத்த புண்ணியம் மச்சானைச் சேரும்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன், பால் வண்டி ஓட்டுபவர். ஊரெல்லாம் ஆளுயரக் கலப்பின மாடுகளை வாங்கி, அவற்றுக்கு மின்விசிறி மாட்டி, ஊசி போட்டுச் சீராட்டிக்கொண்டிருந்த காலத்தில், வாய்ச்சவடால் மட்டும் இடுப்புயரச் சிவப்பு நாட்டு மாடு ஒன்றைப் பிடித்துவந்தார். "மாப்ள, இது மாடா, இல்ல மாடு மாதிரி செஞ்ச முக்காலியா?" என்றார் மச்சான். டீக்கடையே சிரித்தது. இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வர, "உங்க மாட்டுக்கெல்லாம் புண்ணாக்கு வேணும், இதுக்கு அது வேணாம்" என்று ஒரு போடு போட்டார். மறுநாள் காலை மாடு புண்ணாக்கை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அதற்காக அவர் பூரித்துப்போனதுதான் வினை. அந்த வறண்ட ஆண்டில் வைக்கோலும் வேண்டாம் என்று அளந்தார்; மாடு வைக்கோலை விட்டது. அடுத்த ஆண்டு, தண்ணீரெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் என்றார். தொட்டியில் பாசி படர்ந்தது. கூரை வேண்டாம் என்ற பிறகு மழையே அந்த மாட்டைச் சுற்றிக்கொண்டு பெய்தது. இத்தனைக்கும் உடம்பு வாடவில்லை, பால் வேளை தவறவில்லை. "நிக்கத் தரையாவது வேணுமா, அதுவும் வேணாமா?" என்று மச்சான் சீண்டினார். "வேணாம்" என்று சொல்லித் தொலைத்தார். பாலுக்கு விலை ஏறிய அதே காலையில், மாடு தரைக்கு ஒரு சாண் மேலே நின்று அசைபோட்டது.

மனைவிதான் முதலில் கேட்டாள். "ஒவ்வொண்ணா வேணாம் வேணாம்னீங்களே. நாளைக்கு நாமளே வேணாம்னு அது கிளம்பிட்டா?"

அவர் மாட்டிடம் ஓடினார். பச்சைப்புல்லை நறுக்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். மாடு கையை நக்கியது, புல்லைத் தொடவில்லை. டீக்கடை பெஞ்சின்மேல் ஏறி நின்று, "என் மாடு பெருந்தீனிக்காரிய்யா! ஒரு வைக்கோல் போரை நின்ன நிலையில காலி பண்ணும்! தண்ணி குடிச்சா கிணத்துல தரை தெரியும்!" என்று தொண்டை கிழியக் கத்தினார். பீற்றிக்கொண்டபோது நம்பிய மாடு, கெஞ்சியபோது நம்பவில்லை. ஊரோ அவருடைய பழைய பெருமையைத் தன் பெருமையாக்கிக்கொண்டு வெளியூர்க்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தது. தன் வாயை அவர் மூடலாம், ஊர் வாயை எதைக் கொண்டு மூடுவது? ஒவ்வொரு பேச்சுக்கும் மாடு ஒரு முழம் ஏறியது.

முக்காலி போட்டுக் கறந்தார், ஏணி போட்டுக் கறந்தார், இரண்டு ஏணிகளைச் சேர்த்துக் கட்டிக் கறந்தார். மாட்டுக் கயிற்றோடு கிணற்றுக் கயிற்றை முடிந்தார், பிறகு துணி காயப்போடும் கொடியை முடிந்தார். மேகம் தாழ இறங்கிய நாளில் மாடு கண்ணுக்கே தெரியவில்லை. கயிறு மட்டும் நேராக வானத்துக்குள் போயிற்று. அவர் வேலைக்குப் போவதை விட்டார், கயிற்றுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு அண்ணாந்தே நின்றார். வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டது ஒன்றுதான்: "உயிரோட இருக்குமா?" தின்னாமல் குடிக்காமல் இருக்கும் உயிரைப் பற்றி யார் என்ன சொல்வது?

இதில் ஒரு எழுத்தைக்கூட நம்பாதவர் மச்சான் ஒருவர்தான். மாடு மேலே ஏறிய பிறகு வண்டியை விட்டு இறங்கி வந்து பார்த்ததே கிடையாது. தங்கை அழுத அழுகைக்காக அன்று வந்தார். "மேல பட்டம் எதையாவது கட்டி வெச்சு ஊரை ஏமாத்துறீரா, மாப்ள?" என்று கேட்டபடி அண்ணாந்தார். அது கறக்கும் வேளை. அவருடைய வழுக்கையில் சொட்டென்று ஒன்று விழுந்தது.

"காக்கா," என்றார். இன்னொன்று மூக்கில் விழுந்தது. துடைத்தார், விரலைப் பார்த்தார், சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு நாக்கில் வைத்தார். வாய்ச்சவடால் மச்சான் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தங்கை உள்ளேயிருந்து அண்டா, தவலை, சொம்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து முற்றத்தில் பரப்பத் தொடங்கினாள்.

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பால்தான், மாப்ள. மடிச்சூடு இன்னும் ஆறல."