எடுக்கும் வரை விடாத குரல்

வைசன் கச்சாலே தன் திரையை யாருக்காவது காட்டும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். நிமிர்த்தட்டுமே, அதற்கு அவனுக்கு உரிமை இருந்தது. ஷிரே ஆற்றில் வெள்ளம் வருமுன் கரையோர ஊர்களின் கைபேசிகளை எல்லாம் ஒரே நேரத்தில் அலற வைக்கும் ஏற்பாடு அது. தலைநகர் லிலோங்வேயில் மழைக்கு ஒழுகும் ஒரு அறையில் உட்கார்ந்து அவனும் இன்னும் நான்கு பேரும் சேர்ந்து செய்தது. மலாவிக்காரர்கள் செய்தது. இதே போன்ற ஒன்றைப் பெரிய விலைக்கு விற்க ஒரு வெளிநாட்டு நிறுவனம் வாசலில் காத்துக்கொண்டிருந்தது. மழை தொடங்குமுன் வைசனின் ஏற்பாட்டுக்கு அரசின் சான்று கிடைக்காவிட்டால் வேலை அவர்களுக்குப் போய்விடும்.

சான்றில் கையெழுத்துப் போட வேண்டியவள் எனெலெசி மலுங்கா. நாட்டில் எந்த அபாய அறிவிப்பு இயங்க வேண்டுமானாலும் அவளுடைய அலுவலகம் சோதித்துச் சொல்ல வேண்டும். ஐம்பது வயது. குள்ளம். தேநீரைக்கூட ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் சர்க்கரை போட்டிருக்கிறார்கள் என்று நம்புவாள்.

வைசன் திரையைக் காட்டினான். "பாருங்க அமாயி, ஒவ்வொரு போனும் 'வந்து சேர்ந்துடுச்சு'ன்னு திருப்பிச் சொல்லும். சேர்ந்தா பச்சை. எல்லாம் இங்கயே தெரியும்."

வயதில் பெரிய பெண்களை அங்கே அமாயி என்றுதான் அழைப்பார்கள். அந்த மரியாதை அவள் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"பச்சையை நீங்க பாருங்க. நான் ஊர்ல நிக்கறேன்."

"அவ்வளவு தூரமா? எதுக்கு?"

"வெள்ளம் இந்த அறைக்கா வரப்போகுது?"

அவளைத் தனியே அனுப்ப வைசனுக்கு மனசில்லை. திரையைக் கைக்கணினியில் ஏற்றிக்கொண்டு அவனும் வண்டியில் ஏறினான்.

நியாசோகோ என்பது ஆற்றுக்கும் சதுப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர். போனபோது பெண்கள் சோளக் காட்டில் களை கொத்திக்கொண்டிருந்தார்கள். வைசன் மாமரத்தடியில் நின்று, கடவுளை ஒருமுறை நினைத்துக்கொண்டு, பொத்தானை அழுத்தினான். அவன் சட்டைப் பையில் இருந்த போன் அலறியது. ஓட்டுநரின் போன் அலறியது. கைக்கணினியில் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகி, நூற்றுக்குத் தொண்ணூற்றாறில் வந்து நின்றன.

"பாத்தீங்களா அமாயி! தொண்ணூத்தாறு!"

எனெலெசி காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். களைக்கொத்துகள் ஏறி இறங்கின. ஒரு பெண் கூடத் தலை தூக்கவில்லை. ஒரு சேவல் மட்டும் கூவியது, அதுவும் தன் சொந்தக் காரியமாக.

"எங்க சத்தம்?" என்றாள்.

வைசன் வரப்பில் ஓடி, முதலில் எதிர்ப்பட்ட பெண்ணிடம் மூச்சு வாங்கக் கேட்டான். "அக்கா, உங்க போன் எங்க?"

"இன்னிக்குச் சந்தையாச்சே. சார்ஜுக்குப் போயிருக்கு."

"உங்களுதா?"

"எல்லாருதும்தான். சைக்கிள்காரன் வீடு வீடா வாங்கிப் பையில போட்டுட்டுப் போனான். பொழுது சாயத் திரும்பி வரும். ஏன், உன்னுது தொலைஞ்சு போச்சா?"

ஊரில் மின்சாரம் இல்லை. அது வைசனுக்குத் தெரியும். இதே ஆற்றின் கீழ்க்கரையில்தான் அவனும் பிறந்தான். அவன் அப்பாவின் போனும் இப்படித்தான் ஊர்ப் போன்களோடு பையில் ஏறிப் போய்வரும். அது தெரிந்தும் அவன் மறந்திருந்தான். தலைநகரில் சுவருக்குச் சுவர் மின்செருகியோடு இருந்து பழகிய மறதி அது.

தார்ச்சாலைக் கடைத்தெருவில் மகனிசோவின் முடிவெட்டும் கடை. கூரையில் சூரியத்தகடு, உள்ளே வரிசை வரிசையாகச் சார்ஜ் பலகை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பலகைகள் காலி. பாதி மழித்த தலையோடு ஒருவன் தெருவில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். மகனிசோ ஒரு சோளச் சாக்கை மூட்டையாகக் கட்டி, அதன் மேல் கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் தானே ஏறி உட்கார்ந்திருந்தான்.

"கிட்ட வராதீங்க! எல்லாப் போனும் ஒரே நேரத்துல கத்துச்சு. சாத்தான் பூந்துடுச்சு. இப்பதான் அடங்கியிருக்கு."

எனெலெசி சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. வைசனுக்கு அந்தச் சாக்குக்குள்ளேயே புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

திரும்பும் வழியில் வைசனின் மேலதிகாரியான இயக்குநர் அவனைப் போனில் அழைத்தார். "தொண்ணூத்தாறு வந்திருக்கே, இங்கயே பாத்தேன். சனிக்கிழமை அமைச்சர் தொடங்கி வைக்கறார். அந்தம்மாகிட்டக் கையெழுத்தை வாங்கிட்டு வந்துடு."

வைசன் பக்கத்தில் திரும்பினான். "அமாயி, செய்தி போய்ச் சேர்ந்துச்சு இல்லையா? போனை வீட்டுல வச்சுக்கறது அவங்க பொறுப்பு. என் ஏற்பாடு வேலை செஞ்சுது."

"செஞ்சுது. சாக்குக்குள்ள செஞ்சுது."

அவ்வளவுதான், வைசனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆற்றங்கரையின் மொழியும் தன் தாய்மொழியுமான சேனாவில் கத்தத் தொடங்கினான். இரண்டு வருஷம் தூங்காமல் செய்ததையும், வெளிநாட்டுக்காரனிடம் நாடு மறுபடி கையேந்தப் போவதையும், உட்கார்ந்த இடத்தில் குறை சொல்பவர்களையும் சேர்த்து வைத்துத் திட்டினான். ஓட்டுநர் வண்டியை மெதுவாக்கி நன்றாகக் கேட்டுக்கொண்டான். எனெலெசி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தாள்.

"முடிஞ்சுதா?" என்றாள் கடைசியில்.

முடிந்திருந்தது. கத்திய வேகத்தில் அவனுக்கு உள்ளே ஒன்று தெளிந்தும் இருந்தது. களை கொத்திக்கொண்டிருந்த பெண்களின் முதுகுகள் கண்ணை விட்டுப் போகவில்லை. அந்த நேரம் நிஜமாகவே ஆறு வந்திருந்தால் அவன் திரை பச்சையாக இருந்திருக்கும், அவர்கள் அப்படியே குனிந்தபடி இருந்திருப்பார்கள். அவன் இயக்குநரை அழைத்தான்.

"ஐயா, அந்தத் தொண்ணூத்தாறு பொய். போனுக்குத்தான் போச்சு, மனுஷனுக்குப் போகலை. சனிக்கிழமை வேண்டாம். நான் இன்னும் முடிக்கலை."

மறுமுனையில் இயக்குநர் சொன்னதை எழுத முடியாது. எனெலெசி அப்போதுதான் அவன் பக்கம் திரும்பினாள். அதுவரை 'நீங்க' என்று பேசியவள், "இனிமே உன்னை நம்பிச் சோதிக்கலாம்" என்றாள்.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க அமாயி."

"சொல்லமாட்டேன். சொன்னா அப்புறம் நான் சொன்னதையே நான் சோதிக்கணும். செய்யறது உன் வேலை, ஒடச்சுப் பாக்கறது என் வேலை."

அவன் செய்தான். போன் சொல்லும் 'வந்து சேர்ந்தது' என்ற வார்த்தையைத் தூக்கி எறிந்தான். மனிதன் ஒருவன் அழைப்பை எடுத்து ஒன்றாம் எண்ணை அழுத்தினால்தான் பச்சை. ஊருக்கு ஒரு போன், அது ஊரை விட்டு வெளியே போகக் கூடாது என்று ஏற்பாடு. நியாசோகோவில் அது ஃபைனெசியிடம் இருந்தது. தேவாலயத்துக்கு எதிர்வீட்டில் மண்டாசி என்னும் இனிப்புப் போண்டா சுட்டு விற்பவள், வெள்ளக் குழுவின் செயலாளர். அவள் கூரைக்கு ஒரு சின்னச் சூரியத்தகடு. தேவாலய மாமரத்தில் தொங்கும் லாரிச் சக்கர வளையம்தான் ஊருக்கு மணி. போன் வந்தால் அவள் போய் அதை அடிக்க வேண்டும்.

இந்த முறை எனெலெசி தனியாகவே ஊருக்குப் போய் நின்றாள். வைசன் தலைநகரில் திரையின் முன் உட்கார்ந்தான். சிவப்பு மாறவே இல்லை.

"ஃபைனெசி ரெண்டு தடவ அழைப்பை வெட்டிட்டாங்க," என்றாள் எனெலெசி போனில். "பதிவு பண்ணின பொண்ணு குரல் தேனா ஒழுகுது. 'அன்பான வாடிக்கையாளரே'ன்னு கூப்பிட்டுப் பாட்டு விக்கிற கம்பெனின்னு நெனச்சுட்டாங்க."

வைசன் தலையில் கை வைத்தான். "எந்தக் குரலைத்தான் வெட்டமாட்டாங்க?"

"அது உன் வேலை." எனெலெசி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு மட்டும் சொல்றேன், எழுதி வச்சுக்காதே. அன்னிக்கு வண்டியில நீ கத்தினப்போ எனக்குச் சேனா ஒரு வார்த்தை புரியலை. ஆனா காதை எடுக்க முடியலை."

மூன்றாம் சோதனையில், புதுக் குரலோடு, வளையம் ஒலித்தது. எனெலெசி சான்றை மட்டும் முழுதாகத் தரவில்லை. இந்த மழைக்கு மட்டும் இயக்கலாம் என்று எழுதினாள். "மீதியை மழை முடிஞ்சு பாப்போம்."

ஜனவரியில் ஷிரே வந்தது. மேற்கே பொழிந்த மழை ஒரு சாயங்காலம் ஒன்றாகத் திரண்டு இறங்கியது. வைசன் திரையில் நியாசோகோ சிவப்பாகவே இருந்தது, இருந்தது, பிறகு பச்சையானது. அது பச்சையான கொஞ்ச நேரத்தில் கைபேசிக் கோபுரமே சாய்ந்து, அந்தப் பக்கம் முழுவதும் திரையில் கறுத்துப்போனது. அந்தப் பச்சையை நம்பலாமா? ஒருமுறை பச்சை அவனை ஏமாற்றியிருந்தது. அன்றிரவு அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் ராணுவப் படகில் அவனும் எனெலெசியும் போனார்கள். நியாசோகோ இருந்த இடத்தில் பழுப்புத் தண்ணீர், மாமரத்தின் உச்சி, ஒரு தேவாலயக் கூரை. 

பள்ளிக்கூட மேட்டில் புகை தெரிந்தது. பிறகு மனிதர்கள் தெரிந்தார்கள். மேட்டில் கால் வைக்க இடமில்லாமல் மனிதர்கள், ஆடுகள், பாய்கள், அடுப்புகள். மகனிசோ ஒரு பெரிய பேசினில் ஊர்ப் போன்களைக் கொட்டி வைத்து, பெயர் கூவிக் கூவிக் கொடுத்துக்கொண்டிருந்தான். கடைத்தெருவில் தண்ணீர் ஏறியதும் தலையில் சுமந்துகொண்டு வந்தானாம்.

எனெலெசி ஊர்த்தலைவரிடம் முதலில் கேட்டது ஒன்றுதான். "யாராவது வரலையா?"

"எல்லாரும் இருக்கோம் அமாயி. எண்ணியாச்சு. ரெண்டாந்தடவையும் எண்ணியாச்சு."

 பக்கத்து அடுப்பில் மண்டாசி வெந்துகொண்டிருந்தது. அதன் அருகே வைசன் அப்படியே உட்கார்ந்தான்.

எனெலெசி விடவில்லை. ஆளாளாகக் கேட்டாள். ஆறு வருவது எப்படித் தெரிந்தது? வளையம் அடித்தது என்றார்கள் எல்லோரும். திரையைப் பற்றியோ தலைநகரைப் பற்றியோ ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வைசனுக்கு அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

"நீங்கதானே அடிச்சீங்க, ஃபைனெசி?" என்றாள் எனெலெசி. "உங்களுக்கு யார் சொன்னா?"

அடுப்பின் முன் இருந்தவள் கரண்டியை ஓங்கினாள். "யாரோ ஒரு ஆளு! மாவு பிசைஞ்சுட்டிருக்கேன், கையெல்லாம் மாவு, போன் அடிக்குது. அப்புறம் எடுக்கலாம்னு விட்டா மறுபடி அடிக்குது, மறுபடி அடிக்குது. எடுத்தா என் மாமனார் மாதிரி திட்டறான். 'ஆறு வருது, இன்னும் என்ன உக்காந்திருக்கே, எழுந்திரு, வளையத்தை அடி'ன்னு. ஒண்ணை அழுத்தற வரைக்கும் விடலை. அப்படி ஒரு பிடிவாதக்காரனை நான் பாத்ததே இல்லை."

வைசனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதை மறைக்க எதையாவது பேச வேண்டியிருந்தது. "அக்கா, பசிக்குது," என்றான் சேனாவில். "ஒரு மண்டாசி குடுங்க."

ஃபைனெசியின் கை அந்தரத்தில் நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ பேசு."

"மண்டாசி..."

"இந்த ஆளுதான்!" மேடு முழுக்கக் கேட்கக் கத்தினாள். "நேத்து என்னைத் திட்டினது இந்த ஆளுதான்! வாங்க, வந்து பாருங்க!"

பெண்கள் குலவையிட்டார்கள். யாரோ அவன் கையில் நான்கு மண்டாசிகளைத் திணித்தார்கள். குழந்தைகள் 'எழுந்திரு, எழுந்திரு' என்று அவனைச் சுற்றி வந்தார்கள். மகனிசோ பேசினை விட்டு எழுந்து வந்து, "சாத்தான் நீதானா?" என்று கட்டிக்கொண்டான்.

எனெலெசி கைப்பையிலிருந்து சான்றை எடுத்தாள். மேட்டில் எழுத மேசை ஏது? வைசனைத் திரும்பி நிற்கச் சொல்லி அவன் முதுகில் காகிதத்தை வைத்தாள்.

"கொஞ்சம் குனி. இப்படி நெஞ்சை நிமிர்த்தி நின்னா நான் எப்படி எழுதறது?"

"முடியலை அமாயி," என்றான் வைசன்.

அவள் ஒரு கல்லை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று கையெழுத்துப் போட்டாள்.