இருக்கை நின்ற இடம்

எதைக் கழற்றினாலும் அதற்கு ஒரு லேபிள் எழுதிக் கட்டாவிட்டால் ஸ்டோர் கீப்பருக்குத் தூக்கம் வராது. முப்பத்தொரு வருஷம் ஒரு பம்பு கம்பெனியின் சாமான் கிடங்கைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த மனுஷர். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. வீட்டுக் குழாயில் வாஷர் மாற்றினால்கூடப் பழைய வாஷர் ஒரு லேபிளோடு டப்பாவில் போய் உட்காரும். தெருவில் அவருக்கு "லேபிள் சார்" என்றே பெயர் விழுந்துவிட்டது.

அப்படிப்பட்டவர் மகளின் சின்னக் காரை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துப் போட்டிருந்தார்.

காருக்கு இருபத்தாறு வயது. யாரோ ஓட்டிக் களைத்த வண்டியை மகள் வாங்கி, ஆறு வருஷம் வேலைக்குப் போய்வந்தாள். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் கொட்டகையில் நிறுத்திவிட்டு, "காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்குப்பா" என்று சொல்லிப் படுத்தாள். பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரே பெண். அதன் பிறகு மூன்று வருஷம் அந்த வண்டியை யாரும் தொடவில்லை என்றுதான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருஷமாக அவர் மனைவியும் அளந்துதான் பேசினாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு குரலில் கட்டிப்போட்ட டீச்சர், இப்போது "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கேன்", "கேஸ் தீரப் போகுது" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். ஆறுதல் சொல்ல அவருக்கு வாய் வராது. பழுது பார்க்க வரும். டீச்சரின் அக்காவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் என்று அவள் இரண்டு மாதம் துணைக்குப் போனபோது, அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அவள் திரும்பி வருகிற அன்று வண்டி ஓட வேண்டும். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து அரை மணி நேரம் எங்காவது போய்வர வேண்டும். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை அவர்.

தெருமுனை மெக்கானிக், தன் கடையைத் திறக்கும் முன் தினமும் வந்து எட்டிப் பார்ப்பான்.

"என்ன சார், ஒவ்வொரு நட்டுக்கும் பேர் வெச்சுத் தொட்டில்ல போட்டிருக்கீங்க?"

"சிரிக்காதப்பா. நீ கழட்டி மாட்டினா கடைசியில நாலு நட்டு மிஞ்சும். எனக்கு மிஞ்சாது."

"மிஞ்சினாத்தான் சார் வண்டி லேசா ஓடும்!"

வாய்தான் அப்படி. கையில் வேலை இருந்தது. இறுகிப்போன பிரேக் டிரம்களைச் சுற்றிலும் தட்டித் தட்டி அவன்தான் கழற்றிக் கொடுத்தான். கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. ஸ்டோர் கீப்பர் அதைப் பல் தேய்க்கும் பிரஷ் வைத்து மூன்று நாள் கழுவினார். எலி கடித்த ஒயர்களை ஒவ்வொன்றாக ஒட்டினார். எல்லாவற்றுக்கும் லேபிள், எல்லா லேபிளுக்கும் நோட்டில் ஒரு வரி.

மூன்றாவது வாரம் ஓட்டுநர் பக்கத்துத் தரைவிரிப்பைத் தூக்கியபோது விரல் தகட்டுக்குள்ளேயே போய்விட்டது. அப்பளம் மாதிரி நொறுங்கியது துரு.

"புதுத் தகடு வெச்சு வெல்ட் அடிக்கணும் சார். சீட் வெளிய வரணும்" என்றான் மெக்கானிக்.

இருக்கையை முன்னுக்குத் தள்ளினால்தான் பின் போல்ட்டுகள் தெரியும். பின்னுக்குத் தள்ளினால்தான் முன் போல்ட்டுகள் தெரியும். அடியில், தண்டவாளத்தின் பல் ஒன்றில் மாட்டியிருந்த கம்பியைத் தூக்கி முன்னே தள்ளினார், கழற்றினார்; பின்னே தள்ளினார், கழற்றினார். நோட்டில் எழுதினார்: "ஓட்டுநர் இருக்கை. போல்ட்டு நான்கு. பின்னவை இரண்டும் நீளம் அதிகம்." இருக்கையின் நுரைப்பஞ்சு நடுவில் குழிந்து, முடை நாற்றம் அடித்தது. மெத்தைக்காரரிடம் கொடுத்துப் புதுப் பஞ்சு வைத்து, அதே நீலத்தில் உறை தைத்து வாங்கினார்.

எட்டாவது வாரம் என்ஜின் பிடித்தது. முதலில் இருமியது, புகை கக்கியது, பிறகு சீராக ஓடியது. ஸ்டோர் கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகைதான் என்று மெக்கானிக்கும் எடுத்துக்கொண்டான்.

டீச்சர் ஒரு காலையில் வந்து இறங்கினாள். பையைக் கூடத்தில் வைத்தாள். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேரே கொட்டகைக்குப் போனாள். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடினார் அவர். கூப்பிடாமலே போகிறாளே என்று மனசுக்குள் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தது.

பளபளக்கும் வண்டியை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். பாதம் கிளட்ச் மேல் போய் அழகாக உட்கார்ந்துவிட்டது. அவள் முகம் வெளுத்தது.

"சீட்ட நகத்தினீங்களா?"

"நகத்தாம எப்படிம்மா கழட்டறது? கீழ பூரா துரு. இங்க பாரு, புதுத் தகடு..."

"எங்க நின்னுச்சு?"

"எது?"

"சீட்டுங்க. அவ வெச்சிருந்த இடம். எத்தனாவது பல்லுல நின்னுச்சு?"

அவருக்கு விளங்கவில்லை. அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அவரைப் பார்க்காமல் பேசினாள். மூன்று வருஷத்தில் அவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதில்லை.

"நீங்க மூணு மணிக்கு லைப்ரரிக்குக் கிளம்புவீங்க. நான் இங்க வந்து உக்காருவேன். தினமும். அவ வளத்தி, எனக்குக் கால் எட்டாது. என் பாதத்துக்கும் கிளட்சுக்கும் நடுவுல இவ்ளோ இடம் இருக்கும்." நான்கு விரலைச் சேர்த்துக் காட்டினாள். "அது அவ கால்னு நெனச்சுப்பேன். துணியெல்லாம் குடுத்துடலாம்னீங்க, குடுத்தாச்சு. கட்டிலும் போயிடுச்சு. நான் ஏதாவது சொன்னேனா? எனக்கு இது இருந்துச்சுங்க."

ஸ்டோர் கீப்பர் உள்ளே ஓடி நோட்டை எடுத்து வந்தார். நூற்று எண்பத்தாறு வரி. பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். என்ன பொருள், எத்தனை, எங்கிருந்து எடுத்தது, எல்லாம் இருந்தது. எடுக்கும் முன் அது எப்படி நின்றது என்று எழுத அவருடைய நோட்டில் என்றைக்குமே இடம் இருந்ததில்லை. கிடங்கில் அது யாருக்கும் தேவைப்படவும் இல்லை. நினைவைப் போட்டுக் கசக்கினார். கம்பியைத் தூக்கிய கை ஞாபகத்தில் வந்தது. தூக்கும் முன் இருந்தது வரவில்லை.

"தேடிப் பாக்கலாம்மா. ஒம்பது பல்லுதான் இருக்கு. நீ உக்காரு, நான் தள்ளறேன். உனக்குக் காலளவு தெரியுமே."

சிமென்ட் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்து கம்பியைத் தூக்கினார். இருக்கை ஒரு பல் பின்னே போயிற்று.

"இது இல்ல."

இன்னொரு பல்.

"இல்லங்க."

இன்னும் ஒன்று. அவள் காலை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள். "கிட்டத்துல வருது. ஆனா வேற மாதிரி இருக்கு. நான் மேல உக்காந்திருக்கேனா?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். முடியவில்லை.

"பஞ்சு மாத்திட்டேன்மா."

"பழசு?"

"மெத்தைக்காரர் எரிச்சிருப்பார்."

அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால், நோட்டைப் பிடுங்கிக் கிழித்திருந்தால் அவருக்குத் தாங்கியிருக்கும். அவர் மறுபடி கம்பியைத் தூக்கினார். முன்னே, பின்னே, முன்னே. வியர்வை கண்ணில் வழிந்தது. கம்பி வழுக்கியது.

"இதுதான்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்தார். அவள் தன் காலைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையில் ஊன்றியிருந்த அவருடைய முட்டியைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா."

"பாத்துட்டேன். இதுதாங்க. எழுந்திரிங்க, முட்டி மரத்துப்போகும்."

வாசலில் மெக்கானிக்கின் குரல் கேட்டது. "என்ன டீச்சர், வண்டி எப்படி? ஒரு ரவுண்டு போகலையா?"

"நல்லா இருக்குப்பா" என்று அவள் இறங்கிக் கதவைச் சாத்தினாள். "சார் நல்லாச் செஞ்சிருக்கார்."

மறுநாள் மூன்று மணிக்கு ஸ்டோர் கீப்பர் வழக்கம்போல லைப்ரரிக்குக் கிளம்பினார். தெருமுனையில் கால் நின்றுவிட்டது. அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பினார். கொட்டகை பூட்டியபடியே இருந்தது. டீச்சர் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சீக்கிரமே வந்துட்டீங்க?"

"லைப்ரரி பூட்டியிருக்கு."

"ஓ" என்றாள். அன்று லைப்ரரிக்கு விடுமுறை இல்லை என்று அவளுக்குத் தெரியும். "உக்காருங்க. காபி போடறேன்."

"கொட்டகைக்குப் போகலையா நீ?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. அவள் ஒரு சட்டையை உதறினாள், கையை மடித்தாள், காலரை நீவினாள்.

"போகணும்" என்றாள். "நாளைக்குப் போறேன்."

அதற்கடுத்த நாளும் அவர் மூன்று மணிக்குக் கிளம்பினார். அவள் போகமாட்டாள் என்று தெரிந்தே, இருட்டும் வரை திரும்பவில்லை.