கீழே இறங்கி மேலே ஏறிய தண்ணீர்

"இந்தச் சுவர்ல குழாய் போகணும்னா என்னைத் தாண்டித்தான் போகணும்!"

"அப்ப வெள்ளைத் துணிய எதுல அலசுறது? உங்க பெயின்ட் டப்பாலயா?"

எதிர்வீட்டில் இருந்த எனக்கே காது அடைத்தது. நான் ஜன்னல் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். நாலாவது முறையாக.

கத்தியவர் பெயின்டர். பதிலுக்குக் கத்தியது அவர் மனைவி, தெருவுக்கெல்லாம் லாண்டரி அக்கா. ஆஸ்பத்திரி டாக்டர்களின் கோட்டுகளை வீட்டிலேயே துவைத்துத் தேய்த்துக் கொடுப்பவள். எங்கள் தெருக் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். அதில் அலசினால் வெள்ளை பழுப்பாகிவிடும். மழைத்தண்ணீர்தான் அவளுக்குக் கதி. பின்பக்கத் தொட்டியோ பின்கூரைத் தண்ணீரை மட்டும் வாங்கிப் பாதியில் நின்றுவிடும். முன்கூரைத் தண்ணீர் தகர வாய்க்காலில் ஓடி, இடது மூலையில் இறங்கித் தெருவுக்குப் போனது. இன்னொரு தடவை பழுப்பு வந்தால் வேறு ஆள் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

தொட்டிக்குப் போகும் சந்து வலப்பக்கம். முன்சுவரின் குறுக்கே சாய்வாகக் குழாய் விட்டால்தான் தண்ணீர் போகும் என்றான் பிளம்பர். அந்தச் சுவர்தான் பெயின்டருக்கு விளம்பரம். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் வேலை கொடுப்பார்கள்.

"சரி, உங்க சுவரை நீங்களே கொஞ்சுங்க" என்றாள் அக்கா. பிளம்பரிடம் திரும்பினாள். "தம்பி, மூலையிலயே கீழ இறக்கு. மண்ணுக்குள்ள கொண்டுபோய்த் தொட்டிகிட்ட மேல ஏத்து."

"கீழ போன தண்ணி தானா எப்படிக்கா ஏறும்? மோட்டார் வைக்கணும்."

"சோப்பு நுரை மூளைக்குப் போயிடுச்சு" என்றார் பெயின்டர்.

அக்கா ரப்பர் குழாயைக் கொண்டுவந்தாள். ஒரு முனையோடு மகளை ஏணியில் ஏற்றினாள். குழாயின் நடுப்பகுதி தரையில் கிடந்தது. மறுமுனையைத் தன் இடுப்பளவில் பிடித்தாள். மகள் மேலிருந்து ஊற்றிய தண்ணீர் தரைவரை இறங்கி, ஏறி, அக்காவின் கையில் கொட்டியது.

"கூரை தொட்டிய விட உசரம். அது போதும்."

பிளம்பர் எதைப் பார்த்தான்? ஏணியில் இருந்தவளைத்தான். எனக்குத் தெரியாதா!

"என்ன, பயமா?" என்றாள் மகள். உடனே மண்வெட்டியை எடுத்துவிட்டான். கூடவே அக்காவும் தோண்டினாள். பெயின்டர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார்.

முதல் மழை வந்தது. நான் குடையோடு அவர்கள் வாசலிலேயே நின்றேன். தகர வாய்க்கால் நிறைந்து ஓடியது. தொட்டிப் பக்கம் ஏறிய புதுக் குழாயில் ஒரு சொட்டுகூட வரவில்லை.

"நான் சொன்னேன்ல?" பெயின்டர்.

"மோட்டார் வெச்சிரலாம்க்கா" என்று முனகினான் பிளம்பர்.

அக்கா குழாய் போன வழியே நனைந்துகொண்டு நடந்தாள். இடது மூலையில் குனிந்தாள். குழாயின் அடியில் சேரும் மண்ணைக் கழுவிவிட வைத்த திறப்பின் மூடியைக் காணோம். தண்ணீர் முழுக்க அங்கேதான் கொட்டியது.

அப்போதுதான் கவனித்தேன். மூலையில் இறங்கும் குழாய்க்குச் சுவரின் அதே நிறம், கண்ணுக்கே தெரியாதபடி.

"பெயின்ட் அடிச்சது யாரு?"

பெயின்டர் சட்டைப் பையைத் தடவினார். "மூடியில பட்டுடக் கூடாதேன்னு கழட்டி வெச்சேன். மறந்துட்டேன்."

"குடுங்க."

சேற்றில் மண்டியிட்டு முறுக்கினாள். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. குழாய்க்குள் ஏதோ விக்கியது. பின்பக்கமிருந்து மகளின் குரல்: "அம்மா! வருது! நல்லா வருது!"

அந்த மழையிலேயே தொட்டி வழிந்தது. ஆஸ்பத்திரிக் கோட்டுகள் இன்றுவரை அவளிடம்தான் வருகின்றன.

குழாயைப் 'பார்க்க' பிளம்பர் அடிக்கடி வந்தான், மழையே இல்லாத மாதத்திலும். 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் ஒருநாள் 'அத்தை' என்றான். நான் ஜன்னலைத் துடைப்பதை நிறுத்திவிட்டேன். அந்த வருஷமே அவனுக்கும் மகளுக்கும் கல்யாணம். இருவரும் வேறு ஊருக்குக் குடிபோனார்கள். கீழே போன தண்ணீரை மேலே ஏற்றும் வித்தை தன்னுடையது என்று அங்கே சொல்லிக்கொள்கிறானாம். பக்கத்தில் நிற்கும் பெண்டாட்டி, "எங்க அம்மாவோடது" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துகிறாளாம்.